காந்தம் லேசாகப் பிடித்த கம்பி

பிரிட்டோ,

உன் பெட்டி கட்டி முடிந்துவிட்டது என்று அப்பா சொன்னார். புதன்கிழமை காலை விமானம், மஸ்கட்டில் வேலை, இரண்டு வருட ஒப்பந்தம் என்பதெல்லாம் அவர் வாய்வழியாகத்தான் எனக்குத் தெரியும். நாம் இருவரும் நேரில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் சண்டை வந்துவிடும். அதனால் எழுதுகிறேன். இதை உனக்கு மட்டும் எழுதவில்லை. இந்த ஊரில் எவர்சில்வர் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர்களும், ஆஸ்பத்திரிக் கருவிகளை எங்களைப் போன்றவர்களிடம் ரிப்பேருக்குத் தருகிறவர்களும் படிக்கட்டும் என்றுதான் வெளியில் வைக்கிறேன். நான்கு வருடங்களில் என் கையால் ஒட்டுப்போட்டு வெளியே போன இருபத்து மூன்று ஆபரேஷன் கருவிகளில் தப்பான உலோகம் இருந்தது. நீ அதைச் சொன்னாய். நான் இல்லை என்றேன். நீ வீட்டை விட்டுப் போன பிறகு நான் என்ன செய்தேன் என்பது உனக்குத் தெரியாது. அதைச் சொல்லவும், உனக்கு நன்றி சொல்லவும்தான் இந்தக் கடிதம். மன்னிப்புக் கேட்கும் கடிதம் என்று எடுத்துக்கொள்ளாதே. இதில் மன்னிப்பும் கொஞ்சம் இருக்கும். முழுவதும் இருக்காது.

நான் இந்த வேலைக்கு வந்த கதையை நீ அரைகுறையாகத்தான் கேட்டிருப்பாய். உன்னைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு அரியமங்கலத்தில் உன் சித்தப்பாவின் பட்டறைக்குப் பாலிஷ் போடப் போவேன். ஓட்டல் மேசை, பாத்திரம் கழுவும் தொட்டி, அடுப்படி அலமாரி எல்லாம் அங்கே செய்தார்கள். வெல்டர் போட்ட ஒட்டைத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி ஆக்குவது என் வேலை. இன்னொருவர் போட்ட ஒட்டை நாள் முழுக்கத் தேய்த்தால், எது நல்ல ஒட்டு, எது உள்ளே ஓட்டை விழுந்த ஒட்டு என்று விரலுக்கே தெரிந்துவிடும். ஒருமுறை வெல்டர் மச்சினன் கல்யாணத்துக்குப் போய் ஒரு வாரம் வரவில்லை. ஒரு கேன்டீன் தொட்டி அவசரமாகப் போக வேண்டியிருந்தது. நான் வெல்டிங் டார்ச்சை எடுத்தேன். “அண்ணி, கையைச் சுட்டுக்காதீங்க, அண்ணனுக்கு யார் பதில் சொல்றது?” என்றார் உன் சித்தப்பா. இரண்டு வருடம் கழித்து அதே மனிதர் நான் போட்ட ஒட்டைக் காட்டி, “எல்லாம் நம்ம கை வேலைதாங்க” என்று வாடிக்கையாளரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அன்றைக்கு முடிவு செய்து, அடுத்த மாதமே அதே தெருவில் தனியாக ஒரு கொட்டகை பிடித்தேன். அங்கேயும் வருகிறவர்கள் உள்ளே எட்டிப் பார்த்து, “ஆம்பளை ஆள் யாரும் இல்லையாம்மா?” என்பார்கள். “ஆம்பளை ஆள் போட்டதுதானே உடைஞ்சு கொண்டு வந்திருக்கீங்க, கீழ வைங்க” என்பேன். எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை. யாரும் பாராட்டவும் இல்லை. இந்த இரண்டையும் நான் மறக்கவில்லை, மறக்கப் போவதும் இல்லை.

ஆபரேஷன் கருவி என்று முதலில் கொண்டுவந்தது ஸ்ரீரங்கத்து டாக்டர் அம்மா. சித்திரை வீதிப் பக்கம் சின்ன நர்சிங் ஹோம் வைத்திருப்பவர். ரிட்ராக்டர் ஒன்றில் கைப்பிடி விட்டுப்போயிருந்தது. வயிற்றைத் திறந்த பிறகு சதையை விலக்கிப் பிடிக்கிற தகடு அது. ஒட்டுப்போட்ட இடம் தெரியாதபடி செய்து கொடுத்தேன். அதற்குப் பிறகு லால்குடியிலிருந்து, தில்லைநகரிலிருந்து, கடைசியில் நீ வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலிருந்தும் வந்தது. ரிட்ராக்டர், ட்ரே, ரத்தத்தை உறிஞ்சி எடுக்கிற சக்‌ஷன் குழாய். தொட்டியும் அலமாரியும் செய்த கை, மனித உடம்புக்குள் போகிற பொருளைத் தொடுகிறது என்ற பெருமை எனக்கு இருந்தது. அந்தப் பெருமைதான் கண்ணை மறைத்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மை அப்படி இல்லை. நான் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, சோதித்துப் பார்த்துத்தான் தப்பு செய்தேன்.

வெல்டிங் தெரியாதவர்களுக்காக இதைச் சொல்கிறேன். இரண்டு துண்டை உருக்கி ஒட்டும்போது நடுவில் மெல்லிய கம்பி ஒன்றை உருக்கி ஊட்ட வேண்டும். ஃபில்லர் கம்பி என்போம். கடைசியில் ஒட்டாக நிற்பது பெரும்பாலும் அந்தக் கம்பிதான். அது என்ன உலோகமோ அதுதான் ஒட்டின் ஆயுள். கடையில் 308 எல், 316 எல் என்று எண் போட்டு விற்பார்கள். நான் கடைக்கம்பி வாங்குவதில்லை. ஓட்டல் தொட்டிக்கு வெட்டி மிஞ்சிய தகட்டின் ஓரத்தை மெல்லிய கீற்றாக நறுக்கி, அதையே கம்பியாக ஊட்டுவேன். எங்கள் பட்டறைகளில் பலர் செய்வதுதான். தகடும் எவர்சில்வர், கருவியும் எவர்சில்வர், நிறமும் ஒன்று. அதற்கு மேல் காந்தம் வைத்துப் பார்ப்பேன். காந்தம் பிடித்தால் மட்டமான சரக்கு, பிடிக்காவிட்டால் உயர்ந்த சரக்கு என்பது நாங்கள் பாத்திரக்கடையில் கற்ற பாடம். என் கீற்றில் காந்தம் துளியும் பிடிக்காது.

கடைக்கம்பியை ஒரே ஒருமுறை வாங்கினேன். பாலக்கரையில் வெல்டிங் சாமான் விற்கிற பாயிடம். ஒட்டுப்போட்டு, ஆறியதும் காந்தத்தை வைத்தால் லேசாக இழுத்தது. கொதித்துப்போய் மீதிக் கட்டோடு கடைக்குப் போனேன். “என்ன பாய், நல்ல கம்பின்னு கொடுத்தீங்க, காந்தம் பிடிக்குது?” என்றேன். “அது அப்படித்தாங்கம்மா இருக்கும். லேசாப் பிடிச்சாத்தான் நல்லது” என்றார். “ஏமாத்துறதுக்கு இப்படி ஒரு பேச்சா? பொம்பளைன்னா காந்தம்கூடத் தெரியாதுன்னு நினைச்சீங்களா?” என்று கம்பிக் கட்டை அவர் மேசைமேல் எறிந்துவிட்டு வந்தேன். அவர் பின்னாலேயே வந்து, “அம்மா, ஏன்னு கேட்டுட்டாவது போங்க” என்றார். நான் கேட்கவில்லை. நான்கு வருடம் கேட்கவில்லை.

நீ படித்து, ஆஸ்பத்திரியில் கருவிகளைக் கழுவி, நீராவியில் சுத்தம் செய்து கட்டுகிற பிரிவில் சேர்ந்தபோது எனக்குச் சந்தோஷம்தான். உன்னிடம் சொல்லவில்லை. தெருவில் எல்லோரிடமும், “ஆபரேஷன் தியேட்டர்ல இருக்கான், அவன் கைபடாம டாக்டர் கத்தியே எடுக்க மாட்டார்” என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்படிப்பட்ட என்னிடம்தான் அந்த நாள் வந்தது. சக்‌ஷன் குழாய் ஒன்றில் ஒட்டின் ஓரமாக மயிரிழை போல ஒரு பழுப்புத் துருக்கோடு ஓடுவதை நீ பார்த்தாய். பெரிய டாக்டரும் தலைமை சிஸ்டரும் நின்ற இடத்தில், “இது எங்க அம்மா போட்ட ஒட்டு. இதை நான் கட்டி அனுப்ப மாட்டேன்” என்றாய். என்னுடைய எல்லாக் கருவிகளும் ஒரு துணிப்பையில் திரும்பி வந்தன. பையைக் கொண்டுவந்த வார்டு பையன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் நீ வந்ததும் நான் கேட்டது உனக்கு நினைவிருக்கும். “ஏன்டா, பெத்தவ மானத்தை வாங்கத்தான் படிச்சியா?” நீ சத்தம் போடவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபம். “அம்மா, அந்தக் கீற்று என்ன தகடுன்னு உனக்குத் தெரியுமா?” என்றாய். “எவர்சில்வர்.” “எந்த எவர்சில்வர்?” “காந்தம் பிடிக்காத எவர்சில்வர்.” “காந்தம் பிடிக்காத மட்டமான தகடும் இருக்கும்மா. 202ன்னு ஒண்ணு. நிக்கலைக் குறைச்சு மாங்கனீஸைச் சேர்த்திருப்பாங்க. சமையலறையில பரவாயில்ல. ரத்தம், உப்புத்தண்ணி, நீராவி எல்லாம் தினம் பட்டா தாங்காது.” “புஸ்தகம் படிக்கிறவன் பட்டறைக்காரிக்குச் சொல்லித் தர வந்துட்டான்” என்றேன். அப்போதுதான் நீ சோதனை வைத்துப் பார்க்கலாம் என்றாய்.

ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட ஒரு ரிட்ராக்டரைத் துண்டு துண்டாக நறுக்கிக் கொண்டுவந்தாய். மூன்று ஒட்டு என்னையே போடச் சொன்னாய். ஒன்று என் கீற்றால், மற்ற இரண்டும் நீ பாயிடம் வாங்கி வந்த 308 எல், 316 எல் கம்பிகளால். நீயே பாலிஷ் போட்டு, மூன்றையும் உப்புத்தண்ணீரில் முக்கி, நம் வீட்டுக் குக்கரில் ஒரு வாரம் தினமும் வேக வைத்தாய். மூன்றாம் நாள் அப்பா சமையலறை வாசலில் வந்து நின்று, “பருப்பு வெந்து மூணு நாளாச்சு. அம்மாவும் மகனும் இரும்பை வேக வெச்சுக்கிட்டு இருக்கீங்க. அது வெந்ததும் எனக்கும் ரெண்டு கரண்டி போடுங்க” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. உனக்கும் வந்தது. இருவரும் அடக்கிக்கொண்டோம். ஏழாம் நாள் என் கீற்று ஒட்டில் மட்டும் பழுப்பு ஏறியிருந்தது. மற்ற இரண்டும் வைத்தபடியே இருந்தன. நான் ஒத்துக்கொண்டேனா? “அந்தத் துண்டை மட்டும் நீ சரியாப் பாலிஷ் போடல” என்றேன். வெளியே இருக்கிற கருவிகளைத் திரும்ப வாங்கச் சொன்னாய். முடியாது என்றேன். “உனக்கு உன் பேருதாம்மா பெரிசு. மேசையில படுத்திருக்கிறவங்க உன் கண்ணுக்குத் தெரியல” என்று சொல்லிவிட்டு, துண்டுகளையும் கம்பிகளையும் எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கத்தில் அறை பார்த்துப் போய்விட்டாய். பதினோரு மாதம். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் நீ வலது பக்கம், நான் இடது பக்கம். ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளச் சாமியார் சொன்னபோதெல்லாம் நான் பக்கத்தில் இருந்த அம்மாளுக்கு மட்டும் கை கூப்பினேன்.

இனி உனக்குத் தெரியாதது. நீ போன மறுவாரமே நான் அந்தச் சோதனையைத் திரும்பச் செய்தேன். உன்னைப் பொய்யாக்கத்தான் செய்தேன், வேறு எதற்கும் இல்லை. கம்பி வாங்கப் பாய் கடைக்குத்தான் போக வேண்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் மேசைமேல் இருந்த தேநீர்க் கிளாஸை உள்ளே தள்ளி வைத்தார். “இன்னைக்கு எதையும் எறிய மாட்டேன் பாய். ஏன் காந்தம் பிடிக்குதுன்னு சொல்லுங்க” என்றேன். “அல்லாஹ், இப்பவாவது கேட்டீங்களே” என்று சிரித்தார். “கம்பி செய்யிறவன் வேணும்னேதான் அப்படிக் கலக்குறான். அந்த லேசான இழுப்பு இருந்தாத்தான் ஒட்டு ஆறும்போது வெடிக்காது. கெட்டது இல்லம்மா, காவல்.” நான் பட்டறைக்கு வந்து, திரும்பி வந்த கருவி ஒன்றை நறுக்கி மூன்று ஒட்டுப்போட்டேன். மூன்றையும் ஒரே கையால், ஒரே சக்கரத்தில் பாலிஷ் போட்டேன், என் கீற்று ஒட்டுக்கு மட்டும் மற்றதைவிட இரண்டு மடங்கு நேரம். உப்பும் கொஞ்சம் குறைத்துத்தான் போட்டேன், இதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். ஆறாம் நாளே கோடு வந்துவிட்டது. உன் சோதனையைவிட ஒருநாள் முன்னதாக.

குக்கர் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன். நீ ஜெயித்ததால் வந்த வருத்தம் இல்லை அது. நல்ல கம்பியைக் கையில் வாங்கி, நல்லதற்கு அடையாளமாக இருந்ததையே கெட்டதென்று தூக்கி எறிந்திருக்கிறேன். கெட்ட கீற்றைத் தேர்ந்தெடுத்து, சோதித்து, பெருமையாக ஊட்டியிருக்கிறேன். யாரும் கற்றுத் தரவில்லை என்று ஆயுசு முழுக்கக் குறைப்பட்டவள், ஒருவர் கடை வாசல்வரை பின்னால் வந்து கற்றுத் தர நின்றபோது திரும்பிப் பார்க்கவில்லை. அன்றைக்கே உனக்குப் போன் செய்திருக்கலாம். செய்யவில்லை. முதலில் கருவிகள் வரட்டும், பிறகு பேசலாம் என்று வைத்துக்கொண்டேன். அது வீம்புதான்.

எந்தக் கருவியை யார் கொண்டு வந்தார்கள் என்பது எனக்கு மறக்காது. ஒவ்வொன்றாகத் தேடிப் போனேன். சில இடத்தில் சிரித்தார்கள். ஒரு இடத்தில், “இத்தனை நாள் ஒண்ணும் ஆகலையே, இப்ப ஏம்மா வந்து பயமுறுத்துறீங்க?” என்று கோபப்பட்டார்கள். கஷ்டமாக இருந்தது ஸ்ரீரங்கத்தில்தான். டாக்டர் அம்மா ரிட்ராக்டரை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, “நன்னாத்தானே இருக்கு? உங்க கை மாதிரி ஒட்டு யாருக்கும் வராது. நான் எல்லார்கிட்டயும் சொல்லிண்டிருக்கேன்” என்றார். பிரிட்டோ, அந்த வார்த்தைக்காக நான் எத்தனை வருடம் காத்திருந்தேன் தெரியுமா? அது வந்தது, வரக் கூடாத நாளில். வாயை மூடிக்கொண்டு வணக்கம் சொல்லிவிட்டு வந்திருக்கலாம். “உங்ககிட்ட லென்ஸ் இருக்குமே, அதை வெச்சு இந்த வளைவுல பாருங்க டாக்டர்” என்றேன். பார்த்தார். “பெருமாளே” என்றார் மெதுவாக. “இதை எடுத்துண்டு போயிட்டா நாளைக்கு நான் எதை வெச்சுண்டு ஆபரேஷன் பண்றது?” மாற்றுக் கருவி ஒன்றைப் பையிலிருந்து எடுத்து வைத்தேன். “இதை யார் கண்டுபிடிச்சா?” என்று கேட்டார். “என் பையன்.” “நன்னா வளத்திருக்கேள்.” “நான் வளக்கல டாக்டர். எதிர்த்து நின்னே வளந்துட்டான்” என்றேன்.

இப்போது நான் எப்படி வேலை செய்கிறேன் என்று நீ பார்த்ததில்லை. கருவி 304 ரக எவர்சில்வராக இருந்தால் 308 எல் கம்பி. உப்பும் ரத்தமும் அதிகம் படுகிற குழாய் 316ஆக இருந்தால் 316 எல்தான், ஒருபடி குறைக்க மாட்டேன். கைப்பிடி ஒரு ஜாதி, தகடு வேறு ஜாதி என்றால் 309 எல். காந்தம் கப்பென்று பிடிக்கிற கத்தரி, கத்தி முனைகளை நான் தொடுவதே இல்லை. அது கடினப்படுத்திய எஃகு. கம்பியைச் சரியாகத் தேர்ந்தெடுத்தாலும் சூட்டிலேயே பாழாகிவிடும். புதுசு வாங்கிக்கொள்ளுங்கள் என்று திருப்பி அனுப்புகிறேன். என்ன உலோகம் என்று கொண்டுவருகிறவருக்குத் தெரியாவிட்டால், தெரிந்துகொண்டு வாருங்கள் என்கிறேன். காந்தம் இன்னும் மேசைமேல் இருக்கிறது. ஆனால் அதன் பேச்சை மட்டும் கேட்டு முடிவு செய்வதில்லை. ஒவ்வொரு ஒட்டும் குக்கரில் வெந்த பிறகே வெளியே போகிறது. அப்பா தனக்கென்று வேறு குக்கர் வாங்கிக்கொண்டார்.

இதையெல்லாம் வைத்து வாழ்க்கைக்கு உபதேசம் சொல்ல மாட்டேன். வேலைக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். மஸ்கட்டிலும் யாராவது, “ஒண்ணும் ஆகாது, கட்டி அனுப்பு” என்பார்கள். உன்னைவிடப் பெரியவர்கள் சொல்வார்கள், அழுவார்கள், திட்டுவார்கள். என் வாயையே தாங்கினவன் நீ, அதையும் தாங்குவாய். ஆனால் முதலில் அந்த ஆளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல். அத்தனை பேர் முன்னால் என் பெயரைச் சொல்லும் முன்பு, அரியமங்கலத்துக்கு ஒரு பஸ் ஏறி வந்திருக்கலாம் நீ. “சொன்னா கேட்டிருக்கவா போறே?” என்பாய். கேட்டிருக்க மாட்டேன். ஆனாலும் வந்திருக்க வேண்டும். அது என் மனதில் அப்படியே இருக்கிறது, இருக்கட்டும். அதோடு சேர்த்துத்தான் சொல்கிறேன்: என் கையால் ஒருவர் உடம்புக்குக் கெடுதல் வருவதற்கு முன்னால் நீ என்னை நிறுத்தினாய். இந்த நன்றியை எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. இருபத்து இரண்டு கருவிகளைத் திரும்ப வாங்கி வெட்டிப் போட்டிருக்கிறேன். அதுதான் எனக்குத் தெரிந்த விதம்.

இன்னும் ஒன்று வெளியே இருக்கிறது. லால்குடியில் இருந்த ஒரு டாக்டர் தன் ரிட்ராக்டரோடு வேறு ஊர் மாறிப் போய்விட்டார். தேடித் தேடி, போன வாரம்தான் அவர் நம்பர் கிடைத்தது. ஊர் ஊராகப் போய் ஆபரேஷன் செய்கிறாராம். கருவிகள் அவர் பையிலேயே போகின்றன. “நல்லாத்தான் இருக்கும்மா. புதன்கிழமை உப்பிலியபுரத்துல ரெண்டு கேஸ் இருக்கு, பத்து மணிக்கு. அதுக்கு முன்னாடி நேர்ல வந்து காட்டுங்க, பாக்கலாம்” என்றார். அவர் அடுத்த வாரம் எங்கே இருப்பார் என்று அவருக்கே தெரியவில்லை. உன் விமானமும் அதே நேரத்துக்குத்தான். இரண்டு நாள் யோசித்தேன் என்று சொல்ல ஆசை. யோசிக்கவில்லை. முதல் பஸ்ஸில் துறையூர் வழியாகப் போகிறேன். மாற்று ரிட்ராக்டர் பையில் இருக்கிறது.

அதனால் நான் விமான நிலையத்துக்கு வரமாட்டேன். அப்பா வருவார். அவர் அழுதால் பார்க்காதது போல இரு. போய் இறங்கியதும் எனக்குப் போன் செய். சாப்பிட்டியா என்று நான் கேட்பேன். அதற்குப் பதில் சொல்லாதே. “கிடைச்சுதாம்மா?” என்று முதலில் நீ கேள்.